கூட இருக்க ஓர் ஆள்

கைப்பையை உதறினேன், ஓர் அட்டை விழுந்தது. நோயாளிக்குத் துணையாக இருப்பவர் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேலூர் மருத்துவமனையில் தந்தது. திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறேன். என் மகள் டெங்குவிலிருந்து தேறி வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. இன்னும் அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று போய்ப் போய்ப் பார்க்கிறேன். “பேஜார் பண்ணாதம்மா” என்கிறாள்.

அட்டையில் லேசாக மருந்து வாடை. எனக்கு அது ஆயாவின் வாடை. உங்கள் பாட்டி மேல் விபூதியோ வெற்றிலையோ மணந்திருக்கும். என் ஆயா மேல் தோல் ஷாப்பு வாடையும் ஆஸ்பத்திரி வாடையும் மாறி மாறி வரும்.

ஆம்பூரில் நான் வளர்ந்த தெருவில் பாதிப் பேர் தோல் பதனிடும் ஷாப்பில், மீதிப் பேர் ஷூ கம்பெனியில். லீவு போட்டால் கூலி போச்சு. அதனால் தெருவில் யாரை வேலூரில் சேர்த்தாலும், தன் ஷாப்புக் கூலியை விட்டுவிட்டு, கூட இருக்க ஆயாதான் பஸ் ஏறுவாள். ஒயர் கூடையில் ஒரு ஃபிளாஸ்க், விரித்துப் படுக்கத் தாத்தாவின் பழைய லுங்கி. பிரசவமானாலும் சரி, எதிர்வீட்டு பாயின் கண் ஆபரேஷனானாலும் சரி.

ஆறுதல் சொல்ல மட்டும் அவளுக்கு வராது. சண்டைதான் இழுப்பாள்.

“இன்னா பாய், படுத்துக்கினே இருக்கிற? தெருக் குழாயில உன் முறைய பக்கத்து வூட்டுக்காரன் புடிச்சிக்கினான்.”

“வந்து வச்சிக்கறேன்க்கா அவனை!” என்று கண்கட்டோடு பாய் எழுந்து உட்காருவாராம். குழாயடியில் அப்படியொன்றும் நடந்திருக்காது.

கடைசியில் நெஞ்சுவலி என்று அவளையே சேர்த்தோம். நான் கூட இருந்தேன். காபி வாங்கிக்கொண்டு திரும்பினால் கட்டிலில் ஆளில்லை. பதறித் தேடினால், நாலு கட்டில் தள்ளிக் கணியம்பாடிப் பெண் ஒருத்திக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். கையில் டிரிப்ஸ் ஊசி அப்படியே இருக்கிறது.

“ஆயா, நீங்க பேஷண்டா, அட்டெண்டரா?” என்று கத்தினார் நர்ஸ்.

“அதுக்குக் கூட இருக்க ஆள் இல்லம்மா. எனக்குத்தான் என் பேத்தி இருக்குதே.”

மறுநாள் போய்விட்டாள். என்னைவிடச் சத்தமாக அழுதது அந்தக் கணியம்பாடிப் பெண்தான்.

இந்த முறை மகளுடன் நான் மட்டும். கணவர் மஸ்கட்டிலிருந்து, “பிளேட்லெட் எவ்ளோ?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். அவளைத் தீவிர சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன பிறகு நாற்காலியை விட்டு எழவே பயம். எழுந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால்? பாத்ரூம் போக நேருமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. ஒரு நிமிஷம் இந்தப் பையைப் பிடியுங்கள் என்று சொல்லக்கூட ஆளில்லை. சுற்றிலும் என்னைப் போலவே அட்டை மாட்டியவர்கள், தலையைக் குனிந்து போனைப் பார்த்தபடி.

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவில் செய்தி போட்டிருந்தேன். வரிசையாகக் கூப்பிய கைகள் வந்தன. வீடு திரும்பிய அன்று லிஃப்டில் எதிர்வீட்டுப் பெண், “ஹெல்ப் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சிஸ்டர்” என்றாள். நல்ல பெண்தான், மனதிலிருந்துதான் கேட்டாள்.

ஆயாவிடம் வந்து யாரும் உதவி கேட்டு நான் பார்த்ததில்லை. நேரங்கெட்ட நேரத்தில் தெருவில் ஆட்டோ வந்து நின்றால் போதும், அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைத் தேடுவாள்.

எதிர்வீட்டுப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது.