லைனில் ஒரு பிரச்சினையும் இல்லை

1. முதல் நாள், முதல் பழி

ஜார்ஜ்டவுனில் பாசார் தெருவை ஒட்டிய ஒரு போன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஓர் ஆள் உள்ளே வந்து கண்ணாடி மேசைமேல் போனை ஓங்கி வைத்தார்.

“வைஃபை ரோசாக்! நேத்துத்தான் உங்க கடையில வாங்குனேன். வேற மாத்திக் கொடு லா!”

எங்கள் ஊர் மலாய்ப் பேச்சில் பழுதானதெல்லாம் ரோசாக்தான். போன், லிஃப்ட், சிலரது கல்யாணம் உட்பட. போனை எடுத்துப் பார்த்தேன். ஏரோப்ளேன் மோட் ஆனில் இருந்தது. அதை அணைத்ததும் சிக்னல் பட்டைகள் எல்லாம் வந்து நின்றன. நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. “விக்கும்போதே இத அமுக்கி வெச்சுத்தான் கொடுத்திருக்கீங்க” என்று என்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனார்.

முதலாளி சேகர் சிரித்தார். அவர் என்னைவிட வயதில் சிறியவர், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவார். பின்னாளில் அக்கா என்று கூப்பிட்டே வேலையைவிட்டும் அனுப்பினார்.

“கஸ்டமர் தப்பே பண்ண மாட்டாங்கக்கா. எப்பவும் போன்தான் தப்பு பண்ணும். பழகிக்குங்க.”

அதற்குமுன் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலை பார்த்தேன். ஆலையை மூடிவிட்டார்கள். அங்கே பழுதான போர்டு பழுது என்று தானே காட்டிக்கொடுத்துவிடும். கடையில் அப்படி இல்லை. மனிதர்கள் சொல்வதைக் கேட்டு, அதில் எது நிஜம் என்று கண்டுபிடித்து, அப்புறம்தான் போனைத் தொடவேண்டும்.

2. எதை முதலில் பார்ப்பது

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு: வைஃபை சேரவில்லை என்று யாராவது வந்தால் பதறாதீர்கள். ஏரோப்ளேன் மோட் பாருங்கள். வைஃபை பொத்தான் போட்டிருக்கிறதா பாருங்கள். தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். அது தப்பாக இருந்தால் லைன் சேர்ந்த மாதிரி காட்டும், ஆனால் ஒன்றும் திறக்காது. பிறகு அந்த நெட்வொர்க்கை ‘ஃபர்கெட்’ கொடுத்து, பாஸ்வேர்டைப் புதிதாக அடியுங்கள். முக்கால்வாசி வீடுகளில் யாரோ ஒருவர் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார். மற்றவர்களிடம் சொல்லத் தோன்றியிருக்காது.

தைப்பூசம் முடிந்த மறுநாள் கடைக்கு வருபவர்களிடம் மட்டும் சண்டை போடாதீர்கள். தண்ணீர்மலை முருகன் கோயில் கூட்டத்தில் போனில் லைன் கிடைக்காததற்கு டவர் நெரிசல்தான் காரணம் என்று எத்தனை முறை சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால் கடை வைஃபையில் சேர்த்துப் பாருங்கள். கடையில் சேர்ந்து வீட்டில் சேரவில்லை என்றால் போன் நல்ல போன், கோளாறு வீட்டில். ரௌட்டரைச் சாமி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, அதற்கும் பூ வைத்திருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். மீன் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, படுக்கையறைக்கு லைன் வரவில்லை என்று என்னைத் திட்டிய வீடும் உண்டு.

எங்கள் கடை வைஃபையின் பெயர் யார் போனிலும் தெரியாது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஓசியில் இழுக்கிறார்கள் என்று சேகர் அதை மறைத்து வைத்திருந்தார். அதனால் ஒவ்வொரு போனையும் கையால்தான் சேர்க்கவேண்டும். ‘ஆட் நெட்வொர்க்’ போய், பெயரை ஓர் எழுத்து பிசகாமல் அடித்து, செக்யூரிட்டி வகையைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்ட் கொடுக்கவேண்டும். புதிதாக வருபவர்கள் செக்யூரிட்டியை அப்படியே விட்டுவிட்டு, சேரவில்லை என்று முழிப்பார்கள். ஒருமுறை இப்படிச் சேர்த்துவிட்டால் போன் விடாது. போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிட்டுத் தேடும், கடை வாசலுக்கு வந்ததும் தானே ஒட்டிக்கொள்ளும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. இந்தியா போன்

தமயந்தி சந்தைப் பையோடு வந்தாள். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்த பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, இது இந்தியா போனு. கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் குடுத்தாங்க. இங்கத்த லைனுக்கு செட் ஆவாதாமே? ஒரு வழியும் இல்லீங்களா?”

“யாரு சொன்னது?”

“அவங்கதான். வந்த புதுசுல நல்லாத்தான் வந்துச்சு. அப்புறம் நின்னுபோச்சு. இந்தியா போனு இங்க கொஞ்ச நாளுதான் தாங்குமாம்.”

“ஏம்மா, அது என்ன தோசை மாவா, புளிச்சுப் போறதுக்கு?”

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்திருந்தது. உள்ளூர் சிம் கார்டு எங்கே என்று கேட்டேன். வீட்டில் வைஃபை இருக்கும்போது சிம் எதற்கு என்று கணவர் சொல்லிவிட்டாராம். வாரத்துக்கு ஒருமுறை அவர் போனில் ஸ்பீக்கர் போட்டு அம்மாவிடம் பேச வைப்பாராம். அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம்.

போனில் ஒரு குறையும் இல்லை. கடை வைஃபையைக் கையால் சேர்த்தேன். சேர்ந்த நொடியில் போன் அதிர ஆரம்பித்தது. பல மாதமாகக் காத்துக்கிடந்த செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அவள் ஒரு குரல் பதிவைத் தொட்டாள்.

“சாப்ட்டியா கண்ணு? ஒனக்கு லைனு கெடைக்கலேன்னு மாப்பிள்ள சொன்னாரு. கெடச்சா ஒரு வார்த்த பேசு.”

போன் உறைகள் தொங்கும் இடத்தில் நின்று அவள் அழுதாள். போன் நன்றாக இருக்கிறது, வீட்டு ரௌட்டரில்தான் ஏதோ கோளாறு, வீட்டுக்காரரை வரச் சொல் என்றேன். அன்றைக்கு நான் கோளாறு என்றுதான் நினைத்தேன்.

4. ஜெலுத்தோங் வீடு

அவர் வந்தார். மனைவியின் போனுக்காக இல்லை. படுக்கையறையில் தான் பார்க்கும் பந்தாட்டம் விட்டுவிட்டு வருகிறது என்று, வைஃபையை அங்கேயும் எட்டவைக்கும் எக்ஸ்டெண்டர் கேட்டார். பெயர் குணாளன். நல்ல சட்டை, நல்ல பேச்சு. அவருடைய ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுக்கு அதை மாட்டிக்கொடுக்க நான் போனேன்.

எக்ஸ்டெண்டர் மாட்டினால் வீட்டில் உள்ள எல்லாப் போனையும் சேர்த்துக் காட்டிவிட்டு வருவதுதான் எங்கள் வழக்கம். அவர் போனைச் சேர்த்தேன். டிவியைச் சேர்த்தேன். தமயந்தி தன் போனைத் துடைத்து எடுத்துவந்து கொடுத்தாள். எப்படியும் இன்றைக்குச் சரியாகிவிடும் என்று முகத்தில் எழுதியிருந்தது. பாஸ்வேர்ட் அடித்தேன். சேரவில்லை. ஃபர்கெட் கொடுத்து மறுபடி அடித்தேன். சேரவில்லை.

குணாளன் சோபாவில் இருந்தபடியே சொன்னார்.

“அத விடுங்கக்கா. ரௌட்டர்ல அந்த போன நான்தான் ப்ளாக் பண்ணி வெச்சிருக்கேன்.”

விசிறியை நான்தான் நிறுத்தினேன் என்பதுபோல் சொன்னார். ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

“அவங்க அம்மாவுக்கு ஆபரேஷன் ஆச்சாமே தம்பி?”

“அதான் சொல்றேன். பேசுனா அழுவா. அழுதா வீட்டு வேல ஓடாது. அங்கேருந்து ஏத்தி விடுவாங்க. நான்தான் வாரம் ஒருவாட்டி என் போன்ல போட்டுத் தரேன்ல, போதும் லா. டீ குடிங்க.”

தமயந்தி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“அப்ப இது கெட்டுப்போகலீங்களா?”

“இல்லம்மா. போன் நல்லா இருக்கு.”

டீயை நான் தொடவில்லை. கடைக்குத் திரும்பிச் சேகரிடம் சொன்னேன். அவர் கணினியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

“எக்ஸ்டெண்டர் வேல செய்யுதா? செய்யுதுல்ல. நாம குடும்பத்த ரிப்பேர் பண்ற கடை இல்லக்கா.”

5. ஸ்டூல்

அடுத்த சந்தை நாளில் தமயந்தி வந்தாள். அவளுக்காக ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். ரௌட்டர் ஒரு போனை அடைப்பது மேக் அட்ரஸ் என்கிற அதன் அடையாள எண்ணை வைத்துத்தான். அந்த எண்ணை மாற்றிக்கொள்ளப் போனிலேயே ஒரு செட்டிங் உண்டு. மாற்றிவிட்டால் ரௌட்டருக்கு அது முன்பின் தெரியாத புதுப் போன், உள்ளே விட்டுவிடும். சொன்னேன்.

“வேணாங்கக்கா. புதுசா ஒண்ணு சேந்துருக்குன்னு அவங்க போன்ல காட்டும். அப்புறம் இதையும் புடுங்கிக்குவாங்க. நான் இங்கயே ஒக்காந்து பேசிக்கட்டுங்களா?”

சார்ஜர் அடுக்குக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுத்தேன். அதன்பிறகு சந்தைக்கு வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அம்மாவிடம் பேசுவாள். காலையில் வாசல்வரை நடந்தேன் என்று அம்மா சொல்வார். இவள் முருங்கைக்காய் இங்கே யானை விலை என்பாள். பெரிய ரகசியம் எதுவும் பேசியதில்லை. இதை அடைத்து வைக்க ஒரு மனிதனுக்கு எப்படித்தான் மனம் வந்தது என்று எனக்கு வயிறு எரியும். சேகர் வாடிக்கையாளருக்கு இடைஞ்சல் என்று முணுமுணுப்பார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு அவள் வருவது நின்றுபோனது.

6. மேசைமேல் அடித்த மணி

ஒருநாள் குணாளன் வந்து மேசைமேல் ஒரு போனை வைத்தார். ஓரத்தில் சிறு கீறல், பழகிய நீல உறை. தமயந்தியின் போன்.

“இத எடுத்துக்கிட்டு எனக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் கொடுங்க. அவளுக்கு இனி வேணாம். சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்கெங்கயோ உக்காந்து பேசிக்கிட்டு இருந்திருக்கா.”

எங்கெங்கயோ என்றபோது என்னைப் பார்த்தார். சேகர் அவசரமாகப் போனை என் பக்கம் தள்ளினார். “ரீசெட் பண்ணுங்கக்கா.”

பழைய போனை வாங்கினால் முதலில் உயிர்ப்பித்துப் பார்க்கவேண்டும். பொத்தானை அழுத்தினேன். திரை வந்தது. மேலே வைஃபை குறி மினுக்கி நின்றது. நான் கையால் சேர்த்துவிட்ட கடை லைன்; யாரும் கேட்காமலே ஒட்டிக்கொண்டது. செய்திகள் விழ ஆரம்பித்தன. அவை விழுந்து முடிவதற்குள் மணி அடித்தது. திரையில் ‘அம்மா’ என்று இருந்தது.

“கட் பண்ணுங்க” என்றார் குணாளன்.

“அக்கா, ரீசெட்” என்றார் சேகர்.

நான் பச்சையைத் தொட்டேன்.

“கண்ணு? அப்பாடா, லைனு கெடச்சிருச்சா?”

“அம்மா, நான் போன் கடையிலேருந்து பேசறேன். லெட்சுமி.”

“கடையிலேருந்தா? போனு இன்னும் சரியாவலியா தாயி? அந்த ஊரு லைனு சரியில்லேன்னு மாப்பிள்ள சொன்னாரு.”

குணாளன் கையை நீட்டினார். நான் ஓரடி பின்னால் போனேன். என் வேலையில் சோதித்துப் பார்த்தபின் முடிவை வாடிக்கையாளரிடம் சொல்லவேண்டும். அந்த முடிவு போய்ச்சேர வேண்டிய ஆள் அந்த அம்மாதான் என்று எனக்குப் பட்டது.

“லைன்ல ஒரு பிரச்சினையும் இல்லம்மா. போனும் நல்லா இருக்கு. உங்க மாப்பிள்ளதான் அடச்சு வெச்சிருந்தாரு. இப்ப போன விக்க வந்து என் எதிர்லயே நிக்கிறாரு. யாராச்சும் வந்து உங்க பொண்ணப் பாருங்க.”

பிறகு குணாளன் போனைப் பிடுங்கிக்கொண்டு, இனி இந்தக் கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று கத்திவிட்டுப் போனார்.

“அக்கா, நாளையிலேருந்து வர வேணாம்” என்றார் சேகர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது கெப்பாலா பத்தாஸ் சந்தையில் ஒரு மேசை போட்டுப் போன் பழுது பார்க்கிறேன். ஜெலுத்தோங் வீட்டுக்கு ஒருமுறை போனேன். இரும்புக் கதவில் பூட்டு தொங்கியது. மணி அடித்தும் யாரும் வரவில்லை. ஜன்னல் இடுக்கு வழியாக, நான் மாட்டிய எக்ஸ்டெண்டரின் பச்சை விளக்கு தெரிந்தது. மன்னார்குடியிலிருந்து யாராவது வந்தார்களா, அவள் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தாளா, எனக்குத் தெரியாது. விசாரிக்க என்னிடம் ஓர் எண்கூட இல்லை.

மேலே எழுதிய வரிசையை அதனால் திருத்திவிடுகிறேன். வீட்டில் மட்டும் லைன் வரவில்லை என்று ஒரு பெண் தனியாக வந்து சொன்னால், ரௌட்டர் பாஸ்வேர்ட் யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஏரோப்ளேன் மோட் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.