எரியாத கால்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு நடந்து போகிறவர்களில் பாதிப் பேர் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேல்தான் நடப்பார்கள். செருப்புப் போடக் கூடாது என்பது விரதம். தாரை விட வெள்ளைப் பெயின்ட் கொஞ்சம் குறைவாகச் சுடும். இதற்கெல்லாம் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டிருக்கிறோம். போன வருடம் நானும் அந்தக் கோட்டில்தான் குதித்துக் குதித்துப் போனேன். என் நண்பனோ தார் ரோட்டில், மெரினாவில் காற்று வாங்குகிறவனைப் போல நடந்து வந்தான்.

அவன் அயனம்பாக்கத்துக்காரன், ஆட்டோ ஓட்டுகிறான். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அவனுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. அதிலே இரண்டு வருடம் கால் எரிச்சல் அவனைப் பாடாய்ப் படுத்தியது. ஈரத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டுதான் படுப்பான். எரிச்சல் நின்றால் வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டான். சில மாதத்தில் எரிச்சல் நின்றே போனது. மாத்திரையைக்கூட அதன் பிறகு நினைத்தால்தான் போடுவான். அந்த நேர்த்திக்கடனுக்குத்தான் இந்த நடை. எனக்கு வேண்டுதல் ஒன்றும் கிடையாது, துணைக்குப் போனேன்.

விடியும்போது அண்ணனூரில் கிளம்பினோம். திருநின்றவூரைத் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஆடி மாதம் என்று பெயர்தான், சித்திரை மாதிரி அடித்தது.

"உனக்குச் சுடவே இல்லையாடா?" என்று கேட்டேன்.

"இன்னா மச்சான், இதுக்கே நொண்டிகினு கீறே? முருகன் பாத்துக்குவான், வா."

எனக்கு வயிறெரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது. பின்னால் வந்த ஒரு அம்மா அவன் நடையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "உனக்கு அருள் இருக்குடா" என்று நானும் சொன்னேன். பாதி கிண்டல், பாதி நிஜம். அவன் இன்னும் நிமிர்ந்து நடந்தான். கோட்டு மேலே வா என்று ஒரு தடவைகூட நான் அவனைக் கூப்பிடவில்லை.

திருவள்ளூருக்கு முன்னால் ஒரு அன்னதானப் பந்தல் இருந்தது. குழாயில் கால் கழுவிக்கொண்டு சிமென்ட் தரையில் ஏறினோம். என் காலடி ஈரமாக விழுந்தது. அவன் காலடி சிவப்பாக விழுந்தது. யாரோ குங்குமத்தைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில் பாதித் தோல் கழன்று தொங்கியது. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு இரும்பு ஆணி, தலை மட்டும் தெரிகிற அளவுக்கு ஏறியிருந்தது. அவன் மோர் குடித்துக்கொண்டிருந்தான்.

பந்தலை ஒட்டி முதலுதவி முகாம் போட்டிருந்தார்கள். ஓடிப்போய் அங்கிருந்த நர்ஸைக் கூட்டி வந்தேன். சின்ன வயதுப் பெண். ஆணியைத் தொடாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டினார். ஆம்புலன்ஸுக்கு ஆள் அனுப்பினார்.

"வலிக்கலையாண்ணா?"

"வலியா? அந்த எரிச்சலே நின்னுபூட்ச்சிம்மா. அதுக்குத்தானே நடக்கிறேன்" என்றான், பெருமையாக.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பத்து வருடமாகச் சர்க்கரை என்றேன். பிறகு அவனிடம், "எரிச்சல் நின்னது குணமாகி இல்லைண்ணா. நரம்பு செத்துப்போனதால நின்னிருக்கு. காலைக் காப்பாத்த முடியுமான்னு டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செத்துப்போன காலுக்கு நன்றி சொல்லத்தான் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம். அருள் என்று சொன்ன என் வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவன் நம்பவில்லை. "அந்தப் பொண்ணு சும்மா பயமுறுத்துது. நீ தொடு மச்சான். கண்ண மூடிக்கிறேன். நீ எங்க தொட்றேன்னு கரெக்டா சொல்றேன் பாரு."

கண்ணை மூடிக்கொண்டான். சுண்டுவிரலை அழுத்தினேன். குதிகாலைக் கிள்ளினேன். கணுக்காலைச் சுற்றிப் பிடித்து, என் பலம் முழுவதையும் போட்டு இறுக்கினேன். அவன் சிரித்த முகத்தோடு காத்திருந்தான்.

"இன்னா மச்சான்," என்றான், "இன்னும் ஆரம்பிக்கலியா?"