கடற்காற்று வராத மதியம்

“சார், மேரியக்கா வுயுந்துட்ச்சு! ஓடியா சார்!” என்று கீழேயிருந்து ஒரு லாரி டிரைவர் கத்தியபோது, நான் மாடியில் ஓசோன் அனலைசரின் முன்னால் நின்றிருந்தேன். திரையில் எண் ஏறிக்கொண்டே இருந்தது.

எர்ணாவூரில் காற்றின் தரத்தை அளக்கும் நிலையம் அது. நான் அங்கே டெக்னீஷியன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எங்கள் வாசலில்தான் வரிசை கட்டும். அந்த வரிசையில் மோர் விற்பவர் மேரியக்கா. ஆஸ்துமாக்காரர்.

அன்று காலை எட்டு மணிக்கு என்னிடம் கேட்டார்: “தம்பி, இன்னிக்கு காத்து எப்டி கீது? நெஞ்சு இஸ்துகினே கீது. வூட்டுக்குப் போய்டட்டா?”

ரீடிங்கைப் பார்த்தேன். தூசி குறைவு, ஓசோன் மிகக் குறைவு. “நல்லாத்தான் இருக்குக்கா, பயப்படாதீங்க” என்றேன்.

காலையில் ஓசோன் குறைவாகத்தான் இருக்கும். புதிதாக வரும் லாரிப் புகையே அதைத் தின்றுவிடும். வெயில் ஏறினால் கதை மாறும். லாரிப் புகையும் ஆலைகளின் ஆவியும் வெயிலில் வெந்து ஓசோனாகும். அதைத்தான் ஒளிவேதிப் புகைமூட்டம் என்கிறோம்; ஆஸ்துமாக்காரர்களுக்கு அது மூச்சை அடைத்துவிடும். வழக்கமாக மதியத்துக்கு முன்பே கடற்காற்று வந்து கலைத்துவிடும். அன்று கத்திரி வெயில், மேகமில்லை, இரண்டு மணியாகியும் கடற்காற்று வரவில்லை. மாடியில் காற்றுமானியின் கிண்ணங்கள் அசையாமல் நின்றன. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இறங்கிப் போய் அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

மேரியக்காவை ஷேர் ஆட்டோவில் ஏற்றும்போது, “கண்ணு எரியுது தம்பி” என்றார். அப்புறம் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார்.

காரியம் முடிந்து அவர் கணவர் தாசண்ணன் நிலையத்துக்கு வந்தார்.

“காலைல உன்கிட்ட கேட்டுச்சாமே சார்?”

“ஆமாண்ணே.”

“மத்தியானம் கேட்டிருந்தா?”

“வீட்டுக்குப் போங்கன்னு சொல்லியிருப்பேன்.”

அவர் கோபப்படவில்லை. வாசலில் கிடந்த மோர்ப் பானையை எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றே கேட்டில் ஒரு பலகை வைத்தேன். வெயிலும் காற்றும் எப்படி என்று பார்த்து, வெளியே நிற்கலாமா கூடாதா என்று அதில் எழுதுவேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: காலை ரீடிங்கை வைத்து மதியத்துக்குப் பதில் சொல்லாதீர்கள். உங்களிடம் கேட்பவருக்கு மூச்சுவிடுவதே பாடாக இருக்கலாம்.