ஜெராக்ஸ் கடை ஜெயந்தியின் ஐந்து கிலோமீட்டர்

ஜெயந்தி இறந்துவிட்டார். நேற்று காலை, கடையைத் திறக்கக் கிளம்பும்போது. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். நாற்பத்து நான்கு வயது.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். எங்கள் கல்லூரியில் பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்திருக்கும்.

இப்படிப் பதிவு எழுதுகிற பழக்கம் எனக்கில்லை. இன்று வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை...

ஜனவரியில் ஒரு மாரத்தான் ஓடுவதற்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். மாதாமாதம் அதற்கான அட்டவணையை அவர் கடையில்தான் பிரின்ட் எடுப்பேன்.

முதல் தடவை தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துப் படித்தார். "செவ்வாய் எட்டு, வியாழன் பத்து, ஞாயிறு இருபது... என்ன மேடம் இது, பால் கணக்கா?"

விஷயத்தைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இத்தனையும் நீங்களா?" என்றார்.

அடுத்த மாதம் போனபோது அவரும் ஓட ஆரம்பித்திருந்தார். கொள்ளிடக் கரையில், சுடிதாரில், கடை திறப்பதற்கு முன்னால். என்னிடம் யோசனை ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் முன்பு கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஐந்து கிலோமீட்டர் ரேஸ். அவருக்கு முதல் ரேஸ். "சேர்ந்து ஓடலாமா மேடம்? நாப்பது நிமிஷத்துக்குள்ள முடிக்கணும்" என்றார்.

எனக்கு அன்று இருபத்துமூன்று ஓட வேண்டும். நடுவில் குட்டி ரேஸ் வைத்தால் வாரமே கெட்டுப்போகும் என்பது என் எண்ணம். அதனால் ஸ்ரீரங்கத்திலேயே சுற்றிக் காவிரிப் பாலம் கடந்து பதினெட்டை முடித்துக்கொண்டு ரேஸுக்கு வருவதாகச் சொன்னேன். பதினெட்டும் ஐந்தும் இருபத்துமூன்று. காகிதத்தில் சரியாக வந்தது.

அன்று மகாளய அமாவாசை. எனக்கு நினைவே இல்லை.

காவிரிப் படித்துறைக்குப் போகும் அம்மா மண்டபம் ரோடு முழுக்க வேன், தடுப்பு, தர்ப்பணம் கொடுக்க வந்து ஈர வேட்டியோடு கூட்டம். நடக்கவே இடமில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ரேஸ் தொடங்கி இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

ஸ்டார்ட்டில் ஜெயந்தி மட்டும் நின்றுகொண்டிருந்தார். எல்லாரையும் போகவிட்டு.

"ஸ்ரீரங்கத்துல இருந்துக்கிட்டு அமாவாசை தெரியாதா மேடம்? உங்களுக்குக் கிலோமீட்டர் மட்டும்தான் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னார். ஓடத் தொடங்கினோம்.

பாதி வழியில், "இப்ப உங்களுக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார். இருபத்தொன்று என்றேன். "எனக்கு மூணு. ஆனா ரேஸ்ல மூணு" என்றார்.

நாங்கள் முடிக்கும்போது ஃபினிஷில் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு என்ன நேரம் என்று யாரும் சொல்லவில்லை. நான் என் வாட்ச்சைப் பார்த்தேன். இருபத்துமூன்று. எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

போன வாரம் இந்த மாதத்து அட்டவணையை பிரின்ட் எடுக்கப் போனேன். வருகிற ஞாயிறு இன்னொரு ஐந்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

"இந்தத் தடவை நேரா அங்க வந்துடுறீங்களா மேடம்? ஆரம்பத்துல இருந்து ஓடுவோம்."

அந்த ஞாயிறு எனக்கு இருபத்தெட்டு. "பார்க்கலாம் ஜெயந்தி" என்றேன். அவர் தாளை ஸ்டேப்ளர் போட்டுக் கொடுத்தார்.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் நிறையப் பேர். யாரோ பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை.

கிளம்பும்போது அவர் கணவர் வாசல்வரை வந்தார். "ஞாயித்துக்கெழம நீங்க கூட ஓடுறேன்னு சொல்லிட்டீங்கன்னு வீடு பூராச் சொல்லிக்கிட்டிருந்தா மேடம். ரொம்ப சந்தோஷமா இருந்தா."

நான் அப்படிச் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்.

அவரிடம் அதைச் சொல்லவில்லை. "ஆமாங்க" என்றேன்.

ஞாயிறு நேராக ஸ்டார்ட்டுக்குப் போகிறேன். ஐந்து மட்டும்.

போயிட்டு வாங்க, ஜெயந்தி.