பச்சை விழுந்ததும் தள்ளிவிடுகிறவர்கள்

ஓடுகிற எதையும் முத்துராணிக்கு நிறுத்திப் பார்க்க வேண்டும். சேரன்மகாதேவியில் சிறுபிள்ளையாக இருந்தபோது, வயலில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை நிறுத்திவிட்டு, குழாய் வாயில் தண்ணீர் தடுமாறி விழுவதைப் பார்த்துச் சிரிப்பாள். அதற்காக அடியும் வாங்கியிருக்கிறாள். இப்போது பாளையங்கோட்டையில் அதற்குச் சம்பளம் தருகிறார்கள். செல்போன் ஆப்களைச் சோதிக்கிற வேலை.

அலுவலகம் என்பது மாடியில் ஓர் அறை. ஆப் எழுதுகிறவன் பெருமாள்ராஜ். உடைத்துப் பார்க்கிறவள் முத்துராணி. இருவருமாகச் செய்த முதல் ஆப், நெல் அறுப்பு மிஷினுக்கு முன்பதிவு செய்வது. மிஷின்காரர் தாவூது அண்ணாச்சி பிசானப் பருவ அறுவடைக்கு அதை நம்பி இறங்கினார். பதிந்தோம் என்கிறவர்களில் பாதிப் பேரின் பதிவு அவருக்கு வந்து சேரவில்லை. கதிர் முற்றிய வயல் ஒரு ஊரில் கிடக்க, மிஷின் வேறு ஊரில் நின்றது. காலையில் போன் செய்தார்.

“சாயந்திரத்துக்குள்ள சரியாக்குங்க. இல்லைன்னா உங்க ஆப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பழையபடி போன்லயே கேட்டுக்கிடுதேன்.”

சிமுலேட்டரில், அதாவது கணினித் திரைக்குள் ஓடும் பொய் போனில், எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பொத்தானைத் தொட்டால் பச்சை டிக் விழுந்தது. ஹோம் பட்டனை அழுத்தி வெளியே வந்தாலும் பதிவு போய்ச் சேர்ந்தது.

“ஆப்புல கோளாறு இல்ல. ஊர்லதான் டவர் இல்ல,” என்றான் பெருமாள்ராஜ்.

முத்துராணி தன் அத்தை செல்லக்கிளியை அழைத்தாள். அவள் பதிவும் காணாமல் போயிருந்தது.

“அத்தை, மிஷினுக்கு எப்படிப் பதிஞ்சீய? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“என்னத்தட்டி சொல்ல? தொட்டேன். பச்சை விழுந்துச்சு. மேல தள்ளி மூடிவிட்டுட்டேன்.”

“உடனேயா?”

“பின்னே? ஓடவிட்டா சார்ஜைத் தின்னுரும்லா. வேலை முடிஞ்சா மோட்டாரை நிறுத்த மாட்டோமா? இங்கன எல்லாரும் அப்படித்தான் செய்யுதோம்.”

முத்துராணி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் முட்டியது.

ஹோம் பட்டன் ஆப்பை நிறுத்துவதில்லை. பின்னால் உட்காரவைக்கிறது. அங்கே இருந்தபடி அது மிச்ச வேலையை முடித்துவிடும். அத்தையோ அது மூச்சுவிட நேரம் கொடுக்காமல் நிறுத்தியிருக்கிறாள்.

சிமுலேட்டரில் அதற்கென்று ஒரு கட்டளை உண்டு: ஓடுகிற இந்த ஆப்பை நிறுத்து. ஆப்பின் பெயரைச் சேர்த்துக் கட்டளையைத் தட்டி வைத்தாள். இணைய வேகத்தை ஊரில் கிடைக்கிற அளவுக்குக் குறைத்தாள். பதிவைத் தொட்டாள். பச்சை. கட்டளைக்குத் தாவி எண்டரை அடித்தாள். பிந்திவிட்டது; பதிவு போய்ச் சேர்ந்திருந்தது.

மறுபடி. பச்சை. எண்டர். ஆப் சட்டென்று மறைந்து வெறும் திரை நின்றது. திறந்தாள். ‘பதிவுகள் எதுவும் இல்லை.’

“போச்சு! போயே போச்சு!” என்று குதித்தாள்.

“நல்லா ஓடுன ஆப்பைக் கொன்னு போட்டுட்டு ஆடுதா பாரு,” என்றான் பெருமாள்ராஜ். அவனும் எழுந்து வந்திருந்தான். “இன்னொருக்கா கொல்லு.”

கொன்றாள். பதிவு இல்லை.

ஆப் வேகமாகத் தெரியட்டும் என்று, பதிவு கிளம்பியதுமே பச்சை காட்டும்படி அவன்தான் வைத்திருந்தான். “மூடிவிடாதீர்கள்னு திரையில எழுதிருவோமா?”

“எங்க அத்தை அதையும் சேத்து மூடிருவா. பதிவு போய்ச் சேந்த பெறவு பச்சையைக் காட்டுங்க, அண்ணே. அதுவரைக்கும் மஞ்சளா சுத்தட்டும்.”

எழுதினான். நிறுத்தினாள். எழுதினான். நிறுத்தினாள். வெயில் சாய்வதற்குள் புது ஆப் செல்லக்கிளியின் போனுக்குப் போயிற்று. பக்கத்து வீட்டுப் போனில் அவள் பேசினாள்.

“மஞ்சளா சுத்துதுட்டி.”

“சுத்தட்டும்.”

“சார்ஜு...”

“அத்தை, கையை வைக்காதீய!”

“பச்சை விழுந்துட்டு!”

“தள்ளுங்க!”

“தள்ளிட்டேன்.”

பெருமாள்ராஜின் போன் அடித்தது. தாவூது அண்ணாச்சி.

“சேரன்மகாதேவி, செல்லக்கிளி. வந்துட்டு வே! நாளைக்கு மிஷின் அங்கனதான்.”

பெருமாள்ராஜ் மேசையைத் தட்டினான். டீ சொல்லப் படியிறங்கியவன், பாதியில் நின்று திரும்பிப் பார்த்தான். முத்துராணி மறுபடி கட்டளையைத் தட்டி முடித்து, மஞ்சள் சுற்றுவதைப் பார்த்தபடி எண்டர் மேல் விரலை வைத்திருந்தாள்.