வெள்ளைப் பட்டு தேடி ஏறி இறங்கிய கடைகள்

போன வருஷம் சித்திரை வெயிலில், என் மகளின் கல்யாணத்துக்கு இரண்டு மூன்று நாட்களே இருந்தபோது, பெங்களூரு சிக்பேட்டை ஜவுளிக் கடைத்தெருவில் நடந்தது இது. நாங்கள் இருப்பது அதே ஊரில் மர்பி டவுனில். என் கணவரின் குடும்பம் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த பௌத்தக் குடும்பம். அவர்கள் வழக்கப்படி கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் வெள்ளை உடுத்துவார்கள். என் பிறந்த வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. என் கல்யாணத்தில் என் அக்கா அடம்பிடித்து எனக்கு அரக்குப் பட்டைக் கட்டிவிட்டாள். என் மகளோ விவரம் தெரிந்த நாளிலிருந்து, "நான் வெள்ளைதான் கட்டுவேன்" என்று சொல்லி வளர்ந்தவள்.

அக்கா இந்த முறையும் விடவில்லை. "கல்யாணப் பொண்ணுக்கு யாராவது வெள்ளை கட்டுவாங்களாடி? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்று போன் மேல் போன். "எங்க வீட்ல சகுனமெல்லாம் பாக்கறதில்லக்கா" என்று நானும் வீராப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு சிவப்புப் பட்டை வாங்கி பீரோவில் தயாராக வைத்துவிட்டாள். போனில் பார்த்து நாங்கள் வரவழைத்த வெள்ளைப் புடவையோ, பிரித்துப் பார்த்தால் பழைய பேப்பர் மாதிரி மஞ்சளாக இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கே நேரில் கிளம்பினேன்.

நான் ஒரு சந்தேகப் பிராணி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தக்காளி வாங்கினால் தராசைத் தட்டிப் பார்ப்பேன். ஆட்டோவில் உட்கார்ந்ததும் மீட்டரை முறைப்பேன். வீட்டில் எனக்குத் துப்பறியும் இலாகா என்று பெயர்.

முதல் கடையில் மாடி மாடியாகப் புடவை. கல்யாணத்துக்கு வெள்ளைப் பட்டு என்றதும் விற்பனையாளர் சிரித்தார். "மேடம், கல்யாணத்துக்கு யாரு வெள்ளை எடுப்பாங்க? இதப் பாருங்க, ஒயிட்டுதான்" என்று விரித்துப் போட்டதெல்லாம் க்ரீம், சந்தனம், தந்தக் கலர். சிவப்புக் கரை வேறு. ஒன்றை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். வெண்ணெய் உருகின மாதிரி இருந்தது. "இது ஒயிட்டாப்பா?" என்றால், "பிளீச் பண்ணாத ஒயிட் மேடம், இப்ப இதான் ஃபேஷன்" என்றார். பிளெய்ன் வெள்ளையில் ஒன்றுகூட இல்லையா என்று கேட்டதற்கு, அவர் கண் சட்டென்று எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மீது போய்த் திரும்பியது. "ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, போயிடுச்சு. நெக்ஸ்ட் வீக் ஸ்டாக் வரும்" என்றார். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஏதோ கூட்டு என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். நீலச் சுடிதார், தூக்கமில்லாத கண்கள், ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். இரண்டாவது கடையில் நாங்கள் ஏறினோம், அவளும் ஏறினாள். அங்கே, "நேத்துதான் கடைசிப் பீஸ் போச்சு" என்றார்கள். எங்கே போனாலும் நேற்றுதான் போயிருக்கிறது! நான் கட்டியிருந்த புடவையைப் பார்த்துவிட்டு, இவள் எங்கே பட்டு வாங்கப்போகிறாள் என்று நினைத்துப் பொய் சொல்லி அனுப்புகிறார்களோ என்றுகூடத் தோன்றியது. திரும்பினால் அந்த நீலச் சுடிதார் தூண் ஓரத்தில் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் செயினை ரவிக்கைக்குள் தள்ளினேன். மகளிடம் போனைக் கையிலேயே பிடி என்றேன்.

மூன்றாவது கடையில் வயதான ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று கேட்டார். அனுதாபத்தோடுதான் கேட்டார். கேட்டுவிட்டுக் கல்லாவுக்கு அடியிலிருந்து கரையில்லாத ஒரு காட்டன் புடவையை எடுத்து வைத்தார். வெள்ளையை வாசலில் வைத்தால் மற்ற கஸ்டமர் முகம் சுளிப்பார்களாம், அதனால் ஒளித்து வைப்பாராம். என் மகளின் முகம் வாடிவிட்டது. வெளியே வந்ததும், "விடும்மா. பெரியம்மா வாங்கின சிவப்பையே கட்டிக்கிறேன்" என்றாள். பிடிவாதக்காரி அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுத்தது எனக்குத் தாங்கவில்லை. நடுத்தெருவில் அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான், "அக்கா, ஒரு நிமிஷம்" என்று பின்னாலிருந்து குரல். அதே பெண். நான் கைப்பையை இறுக்கிக்கொண்டு, "இன்னா வேணும் உனக்கு? காலைலருந்து பாத்துக்கினுதான் இருக்கேன், எங்க பின்னாடியே சுத்தற" என்று கத்தினேன். ஜூஸ் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பயந்து ஓரடி பின்னால் போய், "நீங்க தேடற புடவை என்கிட்ட இருக்குக்கா" என்று பையைத் திறந்தாள். உள்ளே முதல் கடையின் கவர். அதற்குள் பால் வெள்ளைப் பட்டு, மெல்லிய வெள்ளிக் கரை. மகள் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது.

திருட்டுப் புடவையா, கறை பட்டதா, போலிப் பட்டா என்று என் மூளை ஓடியது. "எதுக்கு விக்கற?" என்றேன். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நாங்க ஒக்கலிபுரம்க்கா. கிறிஸ்டியன்ஸ். எங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க, ரெடியா இருங்கன்னாங்க. பெட்டியில வைக்கறப்ப வெள்ளைப் பட்டுதான் கட்டணும்னு அம்மா எப்பவோ சொல்லி வச்சிருந்தாங்க. நேத்து அழுதுக்கினே வந்து வாங்கினேன். இன்னிக்கு விடிகாலைல அம்மா கண்ணு முழிச்சு காபி கேட்டுட்டாங்கக்கா! இத வீட்ல வச்சிக்க மனசு வரல. கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டேன்னுட்டான். அப்பதான் நீங்க கல்யாணத்துக்குன்னு கேட்டீங்க. சொல்லாம குடுக்கறது தப்பு. சொன்னா அடிப்பீங்களோன்னு பயம். அதான் பின்னாடியே வந்தேன்."

சாவுக்கு எடுத்த புடவை! அக்காவிடம் பேசிய வீராப்பு முழுவதும் அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது. வேண்டாம் என்று மகளின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை. "அம்மா, இது சாவுக்கு ஆகலம்மா. அவங்க பொழைச்சதால மிச்சமானது" என்று சொல்லிவிட்டுப் புடவையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வெயிலில் அவள் நின்ற கோலத்தைப் பார்த்தபிறகு, இழுத்த கையை நானே விட்டுவிட்டேன்.

ஆனாலும் என் புத்தி போகுமா? மூன்று பேருமாக முதல் கடைக்கே திரும்பிப் போனோம். விற்பனையாளர் கூச்சமே இல்லாமல், "ஆமா மேடம், இவங்க நேத்து வாங்கினதுதான். வித்தத வாங்கறது இல்ல" என்றார். பக்கத்திலேயே நின்றாளே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க அந்த க்ரீம்ல ஒண்ணு எடுப்பீங்கன்னு பாத்தேன்" என்று சிரித்தார். என் சந்தேகம் வீண்போகவில்லை. ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டேன்.

வாங்கிய விலையைவிடக் குறைத்துக் கொடுங்கள் போதும் என்றாள் அந்தப் பெண். நான் கேட்கவில்லை, முழுசாகக் கொடுத்தேன். போகும்போது, "கல்யாண போட்டோ ஒண்ணு அனுப்புங்கக்கா, அம்மாகிட்ட காட்டணும்" என்றாள். முன்பின் தெரியாதவளுக்கு மகளின் போட்டோவா என்று மறுபடியும் எனக்குள் மணி அடித்தது. மகள் எனக்கு முந்தி நம்பரை வாங்கிக்கொண்டாள்.

கல்யாணம் தங்கவயலில் நல்லபடியாக நடந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா பெண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லாதான்டி இருக்கு. எந்தக் கடை?" என்று கேட்டாள். சிக்பேட்டை என்று மட்டும் சொன்னேன். மறுநாள் மகள் போட்டோவை அனுப்பியதும், சற்று நேரத்தில் அவள் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு வயதான அம்மா, மூச்சு வாங்க வாங்கப் பேசினார்: "பொண்ணு ராணி மாதிரி கீறாம்மா. நல்லா இருக்கட்டும். எனக்கு வேற ஒண்ணு மெதுவா வாங்கிக்கலாம், அவசரமில்லன்னு சொல்லு."

அதைக் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அழுதோம். இன்றைக்கும் நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. ஆனால் யாராவது தயங்கித் தயங்கி என் பின்னால் வந்தால், கைப்பையை இறுக்கிக்கொண்டாவது நின்று, அவர் சொல்ல வந்ததை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.