நொண்டி வண்டுக்கு நாலு பொட்டு

என் வீட்டுக்காரரின் அக்கா, அதாவது என் நாத்தனார், பூங்காவில் பெருக்கும் வேலை செய்கிறார். நானும் அங்கேதான் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்பு அவர் கையில் துடைப்பம் கிடையாது. அழிந்துகொண்டு வரும் ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சியைக் காலையில் எண்ணிச் சொல்வதுதான் வேலை. இறக்கைக் கிழிசலை வைத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் சொல்வார்.

அந்த வேலையைப் பறித்தவர் வண்டு சார். வண்டு ஆராய்ச்சி செய்பவர் என்பதால் அந்தப் பெயர். "ரெண்டாங்கிளாஸ் படிச்ச அம்மாவுக்கு எண்ணத் தெரியுமா? ஒண்ணையே ஒம்பது தடவ எண்ணியிருக்கும்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். மறுநாள் முதல் நாத்தனார் துடைப்பம் பிடித்தார். உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தார்.

"விடுங்க அண்ணி, கடவுள் பாத்துப்பாரு" என்பேன்.

"அவருக்கு ஆயிரம் வேல. இத நானே பாத்துக்கறேன்" என்பார்.

இந்த வருஷம் பூங்காவின் பின்மூலையை ஒரு பூச்சிக்கு மட்டும் ஒதுக்குவதாக முடிவு செய்தார்கள். வண்டு பிழைக்க அங்கே மக்கிக் கிடக்கும் மரங்கள் வேண்டும். அந்துப்பூச்சி பிழைக்க அந்த மரங்களை அகற்றி, அதன் புழு தின்னும் கொடியை வெயிலில் நட வேண்டும். எது குறைவாக இருக்கிறதோ அதற்கு இடம்.

மரச்சாறு குடிக்க வெளியே வரும் வண்டின் முதுகில் வண்டு சார் வெள்ளைப் பெயிண்டால் பொட்டு வைப்பார். பொட்டில்லாமல் வந்தால் புது வண்டு என்று எண்ணிக்கொள்வார். ஈர மரத்தைக் குடைகிற வண்டின் முதுகில் பெயிண்ட் எத்தனை நாள் நிற்கும்? பின்னங்கால் இல்லாத ஒரு வண்டுக்கு அவர் நாலு தடவை பொட்டு வைத்ததைப் பார்த்துக்கொண்டே நாத்தனார் பெருக்கினார்.

இடத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் வண்டு சாரே கணக்கை வாசித்தார். அந்துப்பூச்சி பதினொன்று, வண்டு நாற்பத்து மூன்று.

"அப்ப எடம் அந்துப்பூச்சிக்குத்தான்" என்றார் பூங்கா இயக்குநர் அம்மா.

நான் நாத்தனாரின் கையை இறுக்கிப் பிடித்தேன். "பேசாம இருங்க அண்ணி. ஜெயிச்சாச்சு."

"பூச்சி ஜெயிச்சுது. நான் ஜெயிக்கல" என்று எழுந்துவிட்டார். மூடி போட்ட ஒரு டப்பாவை மேஜைமேல் வைத்தார். "அம்மா, இருக்கற வண்டே இவ்வளவுதான். நொண்டி வண்டுக்கே சார் நாலு பொட்டு வச்சாரு. எண்ணுங்க சார், சத்தமா எண்ணுங்க."

ஒன்பதில் வண்டு சாரின் குரல் நின்றுபோனது.

"பத்தாவது ஒண்ணு கெடச்சா நான் வேலைய விட்டுடறேன்" என்றார் நாத்தனார்.

இரண்டு நாள் ஆள் வைத்துத் தேடினார்கள். கிடைக்கவில்லை. வண்டு சாரிடமிருந்து எண்ணும் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள். வண்டுதான் குறைவு என்று பின்மூலை வண்டுக்கே போனது.

"உங்க பூச்சிய நீங்களே தொலைச்சிட்டீங்களே அண்ணி!"

"தெரியும். அந்த ஆளு மூஞ்சியப் பாத்தியா?"

அன்று பிரார்த்தனையில் பதினொரு பூச்சிகளுக்காகவும் வேண்டிக்கொண்டேன். நாத்தனாருக்கு என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.